பூட்ஸுக்குள் வைத்த சீட்டு

ஊரப்பாக்கம்
19 மே 2025

பல்லவா கோஸ்ட் கால்பந்துக் கிளப்பின் உதவிப் பயிற்சியாளர் உயர்திரு ஹரிஹரன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் ஜோஷ்வா. உங்கள் கிளப்பில் ஒன்பது வருடம் நடு டிஃபென்ஸில் ஆடியவன். அதில் ஏழு வருடம் உங்களுக்குப் பக்கத்திலேயே நின்று ஆடினேன். பிறகு நீங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளர் ஆனீர்கள். ஞாபகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

கடைசி வரைக்கும் இப்படியே மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். நாலு வரிக்கு மேல் கை வரவில்லை ஹரி. போனில் உன் நம்பரை நிறுத்திவைத்திருக்கிறேன், அதனால் கூப்பிட்டுப் பார்க்காதே. பேச ஆரம்பித்தால் இரண்டு பேரும் பொய் சொல்வோம். ஆட்டம் முடிந்ததும் வாயால் பேசாமல் மார்க் போட்ட சீட்டை ஒருத்தர் பூட்ஸில் ஒருத்தர் வைக்கிற பழக்கத்தை நாம் அதற்காகத்தானே வைத்துக்கொண்டோம்? அதனால் எழுதுகிறேன்.

மே ஒன்பதாம் தேதி காலையில் என் முழங்கால் பட்டையை எடுக்க மாமல்லபுரம் மைதானத்துக்கு வந்தேன். பூட்ஸ் அலமாரியில் என் இடத்தில் 'ஜோஷ்வா 5' என்று எழுதி ஒட்டியிருந்த பிளாஸ்திரி இல்லை. பசை மட்டும் இருந்தது. உனக்குத் தெரியும், சீசன் முடிந்ததும் கிளப் யார் யாரை வெளியே விட்டதோ அவர்கள் பெயரை மட்டும், நம் ஜெர்சியையும் பூட்ஸையும் பார்த்துக்கொள்கிற தனகோடி அக்கா கிழித்துவிடும். போன வருடம் கிழிந்த பெயர்களைப் பார்த்து நானும் உச்சுக்கொட்டினேன். இந்த முறை அக்கா துணி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "எனக்கு லிஸ்டு குடுத்தாங்க நைனா, நான் இன்னா பண்ணுவேன்?" என்றது. நீ அப்போது கோல் கம்பத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய்.

கிளப்பின் கடிதம் பதின்மூன்றாம் தேதிதான் மெயிலில் வந்தது. என் எதிர்காலம் சிறக்க வாழ்த்தியிருந்தார்கள்.

எங்கள் தாத்தா காலத்தில் வேடந்தாங்கல் பக்கம் உங்கள் ஊர் வயல்களுக்குத்தான் எங்கள் ஆட்கள் வேலைக்குப் போனார்கள். நாளைக்கு வேலை இல்லை என்றால் பொழுது சாய்வதற்குள் வரப்பில் நின்றாவது சொல்லி அனுப்பிவிடுவார்களாம். அப்பா சொல்லியிருக்கிறார். நீ அதைக்கூடச் செய்யவில்லை.

இனி மார்க், எப்போதும்போலப் பத்துக்கு. கிராஸ் வந்தால் பந்தை நழுவவிடுகிற கோல்கீப்பரை வைத்துக்கொண்டதற்கு ஐந்து. லெஃப்ட் பேக்கை விட்டதற்குப் பூஜ்யம், நம் கோல்களில் பாதி அவன் காலில் இருந்து வந்தவை. முப்பத்தாறு வயது வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருக்கு இன்னொரு வருடம் கொடுத்ததற்கு இரண்டு. ஏற்கெனவே மூன்று விங்கர்கள் பெஞ்சில் சூயிங்கம் மென்றுகொண்டிருக்க, புதிதாக இரண்டு பேரை எடுத்ததற்கு மூன்று. என் இடத்துக்கு வந்திருக்கும் ஜெபகுமாரை நான் பார்த்ததில்லை, அதனால் மார்க் இல்லை.

என்னை விட்டதற்கு நீயே மார்க் போட்டு அனுப்பு.

ஜோஷ்வா

* * *

மாமல்லபுரம்
26 மே 2025

ஜோஷ்வாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. தினமும் எடுத்துப் படித்துவிட்டு வைத்துவிடுகிறேன். வரப்பைப் பற்றி எழுதியிருந்தாய். அது எனக்கு வேண்டியதுதான்.

பட்டியலைத் தனகோடி அக்காவிடம் கொடுத்தது நான்தான். புது ஜெர்சிக்கு ஆர்டர் போகவேண்டிய கடைசி நாள் அது. யாருக்கு என்ன சைஸ் என்று எழுத அக்காவுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. பிளாஸ்திரியை உடனே கிழித்துவிடும் என்று நான் யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்து நேரில் சொல்வதாக இருந்தேன். அதற்குள் காலையிலேயே நீ வந்து நின்றுவிட்டாய். கோல் கம்பத்துப் பக்கம் நான் திரும்பிக்கொண்டது உண்மை. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

முடிவை ஐந்து பேர் உட்கார்ந்து எடுத்தார்கள். அடுத்த சீசனில் டிஃபென்ஸை நடுக்கோடு வரைக்கும் முன்னால் ஏற்றி ஆட கோச் விரும்புகிறார். அப்படி ஆடினால் முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெறும் இடம். திரும்பி ஓடுகிற வேகம் வேண்டும். பனியனுக்குள் போட்டுக்கொண்டு ஓடுகிறீர்களே அந்தக் கருவி, அதில் உன் வேகம் ஜனவரிக்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இதெல்லாம் உனக்கும் தெரிந்ததுதான்.

மற்ற மார்க்குகளில் சிலது நியாயம், சிலது இல்லை. லெஃப்ட் பேக்கை நாங்கள் விடவில்லை. அவன் மனைவிக்குப் பிரசவம், சொந்த ஊர்ப் பக்கம் வேறு கிளப் கிடைத்தது, போகிறேன் என்று அவனே கேட்டான். ஸ்ட்ரைக்கர் முதலாளியின் ஆசை, அதில் யாரும் வாய் திறக்க முடியாது. விங்கர்கள் கோச்சின் ஆசை. கோல்கீப்பர் பற்றி நீ சொல்வது சரி, ஆனால் அவனைவிட நல்லவன் எவனும் இந்த ஊருக்கு வர ஒத்துக்கொள்ளவில்லை. மே மாதம் முழுக்க இதே வேலை மச்சான். காலையில் ஒருத்தன் ஏஜென்ட், மத்தியானம் ஒருத்தன் மாமா. யாரையாவது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆடுகிற காலத்தில் இந்த மாதத்தில் நாம் குடும்பத்தோடு எங்கேயாவது போவோம். இவ்வளவு நடக்கிறது என்று எனக்குத் தெரியாமலே போனது.

ஜெபகுமாருக்கு இருபத்தொரு வயது. பொத்தேரியில் காலேஜ் டீமில் ஆடினவன். நன்றாகத் திரும்புகிறான். ஆனால் மைதானத்தில் வாயைத் திறப்பதே இல்லை. பக்கத்தில் நிற்பவனைக் கத்தி அழைக்காத டிஃபெண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

உன்னை விட்டதற்கு மார்க் கேட்டிருக்கிறாய். போடுகிற நிலையில் நான் இல்லை.

ஜெனிஃபருக்கு என் விசாரிப்பு. குட்டி கவியாவுக்கு முத்தம்.

ஹரி

* * *

ஊரப்பாக்கம்
3 ஜூன் 2025

ஹரிக்கு,

ஐந்து பேர் உட்கார்ந்தார்கள் என்று எழுதினாய். அதில் ஒருத்தன் பர்ஸில் என்ன வைத்திருந்தான் என்று எழுத மறந்துவிட்டாய்.

தனகோடி அக்காவின் தங்கை வீடு ஊரப்பாக்கத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெனிஃபரோடு சர்ச் முடிந்து வரும்போது அக்காவை வழியில் பார்த்தேன். "இன்னா நைனா, மூஞ்சி இப்படி வாடிக்கீது?" என்று கேட்டுவிட்டு, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தது. அது சொன்னதை அப்படியே எழுதுகிறேன், படி:

"ஜெர்சி சைஸு கேக்கறதுக்கு நான் அந்த ரூமுக்குள்ள போய் நின்னுகினு இருந்தேன். அந்த வெள்ளக்கார கோச்சு சாரு இங்கிலீசுல பேசுறாரு, எனக்கு இன்னா புரியும்? ஆனா உன் பேரச் சொல்லி கட்டவிரல தூக்கிக் காட்டுனாரு. ரெண்டு வாட்டி காட்டுனாரு. அப்பால ஹரி தம்பி பர்ஸுலேர்ந்து இன்னாவோ ஒரு துண்டு பேப்பர எடுத்து மேசையில வச்சுது. அவ்ளோதான், எல்லாரும் அதையே எட்டி எட்டிப் பாத்தாங்கோ. கொஞ்ச நேரம் கழிச்சு, அஞ்சாம் நம்பர் சைஸ லிஸ்டுலேர்ந்து அடிச்சிரு அக்கான்னாங்க."

துண்டுப் பேப்பர்.

நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். ஜெனிஃபர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஆச்சு?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். அவளிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

பிப்ரவரியில் வெளியூர் ஆட்டத்தில் இரண்டாவது கோல் என் பக்கத்தில் விழுந்ததே, அன்றைக்கு நான் எழுதிய சீட்டுதானே அது? நீ இப்போது பூட்ஸ் போடுவதில்லை என்று உன் கேன்வாஸ் ஷூவுக்குள் வைத்தேன். என்ன எழுதினேன் என்று எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. 'எனக்கு நாலு மார்க். வலது முழங்கால் திரும்பும்போது கழன்று போகிறது. பிசியோவுக்குச் சொல்லவில்லை. வெளியே வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ஆடுகிறேன்.'

ஒன்பது வருடத்தில் எத்தனை சீட்டு எழுதியிருப்போம்? ஒரு தடவை எனக்கு ஒரே ஒரு மார்க் போட்டு, 'இன்று நீ வந்ததே தப்பு' என்று எழுதினாய். படித்துவிட்டுப் பஸ்ஸில் உன் தோளில் சாய்ந்து தூங்கினேன். ஏன் கோபம் வரவில்லை? சீட்டில் இருப்பதை வாயால் பேசக்கூடாது, மூன்றாம் ஆளிடம் காட்டக்கூடாது. அதுதானே நம் சட்டம். முதல் வருடமே கடற்கரையில் உட்கார்ந்து நீ போட்ட சட்டம்தான் அது. அந்தத் தைரியத்தில்தான் நான் உண்மையை எழுதினேன். பெண்டாட்டியிடம் சொல்லாததை உன்னிடம் எழுதினேன்.

கோச் என்னை வைத்துக்கொள்ள நினைத்தார். மார்ச் மாதம் என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த வருடமும் நீதான் என்றார். அது பொய்யோ என்று மூன்று வாரமாக அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பொய் எழுதிவிட்டாய் என்று உன்னைச் சொல்லமாட்டேன். வேகம் இறங்கியது உண்மை, நாற்பது மீட்டர் உண்மை. எல்லா உண்மையையும் எழுதிவிட்டு நடுவில் இருந்ததை மட்டும் எடுத்துவிட்டாய். ஏன் என்று மட்டும் சொல். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜோஷ்வா

* * *

மாமல்லபுரம்
12 ஜூன் 2025

ஜோஷ்வா,

நான்தான். நான் வாய் மூடிக்கொண்டு இருந்திருந்தால் நீ இன்றைக்கு இந்த மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பாய்.

கோச் உன்னை விட ஒத்துக்கொள்ளவில்லை. வேகம் குறைந்தால் என்ன, தலை இருக்கிறது, அனுபவம் இருக்கிறது என்றார். முழங்காலில் ஏதோ இருக்கும்போலத் தெரிகிறதே என்று நான் பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். டாக்டர் பார்த்துக்கொள்வார், மாதத்துக்கு ஓர் ஊசி போதும், ஒரு சீசன் தாங்கும் என்றார். அதற்கப்புறம் என்று கேட்டேன். அதற்கப்புறம் அவருக்கே இங்கே வேலை இருக்குமோ என்னவோ என்று சொல்லிச் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் பர்ஸை எடுத்தேன். அந்தச் சீட்டைப் படித்து ஆங்கிலத்தில் சொன்னேன். ஏற்கெனவே ஊசியிலேயே ஓடுகிறவனுக்கு இன்னும் ஊசியா என்று கேட்டேன்.

என் முழங்காலைப் பற்றி உன்னிடம் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. போன வருடம் தை மாதம் என் தங்கை விஜயகுமாரிக்குக் கல்யாணம் நடந்ததே. கால் வலியென்று நீ வரவில்லை. மணவறையில் மாப்பிள்ளைக்கு மைத்துனன் உட்கார்ந்து மோதிரம் போட வேண்டும். நான் தாழ்வான மணையில் உட்காரப் பார்த்தேன். கால் மடங்கவில்லை. ஐயர் காத்திருக்கிறார், ஊரே பார்க்கிறது. கடைசியில் சித்தப்பா மகன் உட்கார்ந்து போட்டான். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை, நான் வெட்கப்படக் கூடாதென்று. எனக்கு முப்பத்தைந்து வயது. கக்கூஸில் குந்தி உட்கார முடியாது, வயலில் இறங்கினால் ஏற ஒரு கை வேண்டும். கடைசி ஒரு வருடம் நானும் ஊசியில்தான் ஆடினேன். உனக்கும் தெரியாது. அந்த வருடம் என் சீட்டுகளில் நான் உண்மை எழுதவில்லை, இதையும் சேர்த்து வைத்துக்கொள்.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவன் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. டீமுக்கும் நீ வேண்டாம் என்றுதான் நினைத்தேன். கடைசி எட்டு ஆட்டத்தில் உன் பக்கம் ஏழு கோல் வாங்கினோம். உன்னை மூடி மறைக்க லெஃப்ட் பேக் பின்னாலேயே நின்றான், அதனால் முன்னால் ஆள் குறைந்தது. அதைச் சொல்லாமல் இரண்டு மாதம் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எல்லாரும் என்னை உன் கூட்டாளி என்றே பார்த்தார்கள். நானும் ஒரு கோச்தான் என்று காட்டவேண்டும் என்ற ஆசையும் அந்தச் சீட்டை எடுக்கும்போது எனக்குள் இருந்தது. எவ்வளவு இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

உன்னிடம் முதலில் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ மறுத்திருப்பாய். அதனால் கேட்கவில்லை.

மார்க் கேட்டாய். முடிவுக்கு எட்டு. செய்த விதத்துக்குப் பூஜ்யம்.

ஹரி

* * *

ஊரப்பாக்கம்
20 ஜூன் 2025

ஹரி,

படித்தேன். உன் கால் பற்றிப் படித்தபோது வருத்தமாக இருந்தது. அந்த வருத்தமும் எனக்கு எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஒருத்தனை முழுசாக விட்டுவைக்கமாட்டாய் நீ.

கேரளாவில் ஒரு கிளப் என்னைக் கேட்டிருக்கிறது. ஒரு வருட ஒப்பந்தம். அவர்களுடைய மருத்துவப் பரிசோதனையில் எக்ஸ்ரே மட்டும்தான் எடுப்பார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். எலும்பில் எனக்கு ஒன்றும் இல்லை, அதனால் அதில் தெரியாது. ஆனால் கையெழுத்துக்கு முன்னால் பழைய கிளப்பில் விசாரிப்பார்கள். உனக்குத்தான் போன் வரும்.

முழங்கால் நன்றாக இருக்கிறது என்று சொல். அது ஒன்றுதான் கேட்கிறேன். அந்த அறையில் என்னைக் கேட்காமல் ஓர் உண்மையைச் சொன்னாய். இப்போது நான் கேட்கிறேன், ஒரு பொய்யைச் சொல். கணக்கு தீர்ந்தது.

எனக்கு முப்பத்திரண்டு வயது. பன்னிரண்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. மைதானத்தைத் தவிர வேறு எங்கேயும் காலையில் எழுந்து போனதில்லை. ஒரு மாதமாக ஜெனிஃபர் லேபுக்கு வேலைக்குக் கிளம்பிப் போகிறாள், கவியா ஸ்கூலுக்குப் போகிறாள், நான் பாத்திரம் கழுவிவிட்டு ஒன்பதரை மணிக்கெல்லாம் கட்டிலில் படுத்திருக்கிறேன். ஊசி, வலி எல்லாம் எனக்குத் தெரியும். இது உனக்குத் தெரியாது.

அலமாரியில் என் பூட்ஸ் இருக்கிறது. தனகோடி அக்கா இந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்பு.

ஜோஷ்வா

* * *

மாமல்லபுரம்
1 ஜூலை 2025

ஜோஷ்வாவுக்கு,

பூட்ஸை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். ஆணிகளில் இருந்த மண்ணைத் தட்டவேண்டாம் என்று சொன்னேன். அது கேட்காமல் கழுவிவிட்டது.

கேரளாவில் இருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்து, மைதானத்தில் இருக்கிறேன், பதினொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

நீ சொன்னதைச் சொல்கிறேன். வாதம் பண்ண எனக்குத் தெம்பு இல்லை. எழுந்து ஒன்பதரை மணிக்குப் படுத்துக்கிடப்பதைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் கால், உன் வேலை. உன்னைக் கேட்காமல் ஒரு தடவை முடிவு செய்துவிட்டேன். இன்னொரு தடவை செய்யமாட்டேன்.

ஆனால் வார்த்தையை நான் என் வாயில் இருந்து எடுக்கமாட்டேன். இடது பூட்ஸுக்குள் ஒரு வெற்றுத் தாள் வைத்திருக்கிறேன். எப்போதும்போலப் பயிற்சித் தாளின் பின்பக்கம்தான், நாலாக மடித்தது. முழங்கால் நன்றாக இருக்கிறது என்று நீ உன் கையால் அதில் எழுதி, மார்க் போட்டு அனுப்பு. வெள்ளிக்கிழமை போனில் அதை அப்படியே படித்துவிடுகிறேன். ஒரு எழுத்து கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

அந்த ஒரு வருடம் நான் பொய் எழுதினேன் என்று சொன்னேன். நீ ஒன்பது வருடத்தில் ஒரு சீட்டில்கூடப் பொய் எழுதியதில்லை. எல்லாம் என்னிடம் இருக்கிறது, நேற்று எடுத்துப் பார்த்தேன். எழுதுவதாக இருந்தால் தெரிந்து எழுது.

சனிக்கிழமை பொத்தேரியில் காலேஜ் மைதானத்தில் சீசனுக்கு முந்தைய முதல் ஆட்டம். வரச்சொல்லிக் கூப்பிடவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஹரி

* * *

ஊரப்பாக்கம்
6 ஜூலை 2025

ஹரிக்கு,

நேற்று வந்திருந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். பிறகு சொல்கிறேன்.

கவியாவையும் கூட்டிக்கொண்டு கோலுக்குப் பின்னால் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தேன். தொப்பி போட்டிருந்தேன். முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். புது விங்கர்களில் இடதுபக்கம் ஆடியவனுக்கு மூன்று போட்டது தப்பு, ஆறு கொடுக்கலாம். ஸ்ட்ரைக்கர் இரண்டுக்கும் லாயக்கில்லை, முதல் அரை மணியில் அவன் தண்ணீர் குடித்ததைத்தான் பார்த்தேன். கோல்கீப்பர் இன்னும் நழுவவிடுகிறான். லெஃப்ட் பேக் போனது உங்கள் தப்பு இல்லை என்றாலும் அந்த ஓட்டையில் இனிமேல் ஒவ்வொரு ஆட்டத்திலும் அடி வாங்குவீர்கள். இந்த வருடமும் ஏழாவது இடத்துக்கு மேல் வரமாட்டீர்கள்.

ஜெபகுமாருக்கு ஏழு. முதல் பாதியில் ஒருத்தன் அவனைத் தாண்டிப் போனான். போச்சு என்று நினைத்தேன். இவன் வலது காலில் ஊன்றி ஒரே திரும்பல் திரும்பி, நாலு எட்டில் பிடித்துவிட்டான். என் பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் கைகூடத் தட்டவில்லை, அவர்களுக்கு அது சாதாரணம். பிப்ரவரியில் அந்த இடத்தில் அந்தத் திரும்பல்தான் எனக்கு வரவில்லை. அவன் நன்றாக ஆடினால் எரிச்சல் வரும் என்று பயந்துகொண்டுதான் வந்தேன். வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது.

ஆனால் நீ சொன்ன மாதிரி அவன் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது பாதியில் அவனுக்குப் பின்னால் ஒருத்தன் தனியாக வந்துகினு இருக்கிறான், பக்கத்தில் இருப்பவன் பார்க்கவில்லை, இவன் பார்த்துவிட்டுச் சும்மா நிற்கிறான். என்னால் முடியவில்லை. எழுந்து, "லெஃப்ட்டு! லெஃப்ட்டு பாருடா!" என்று கத்திவிட்டேன். பயல் உடனே திரும்பினான். பெஞ்சில் நீயும் திரும்பினாய். நான் கவியாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பொத்தேரியில் ரயிலேறி ஊரப்பாக்கத்தில் இறங்கினோம். மேம்பாலத்துப் படியில் இறங்கும்போது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வெறுமனே நடந்துதான் வந்தேன். முழங்கால் கழன்றது. நாலு படி உட்கார்ந்தபடியே சறுக்கினேன். நல்லவேளை, விழும்போதே அவள் கையை விட்டுவிட்டேன்.

அவள் அழவில்லை. படியில் ஏறி இறங்குகிற ஒவ்வொருத்தரையும் கோபமாகப் பார்த்தாள். காய்கறிப் பை வைத்திருந்த ஒரு பெரியவரை, இரண்டு காலேஜ் பெண்களை. பிறகு, "யாருப்பா ஃபவுல் பண்ணது?" என்று கேட்டாள்.

ஆறு வயதுப் பெண் ஹரி. அப்பா விழுந்து அவள் பார்த்ததெல்லாம் மைதானத்தில்தான். அங்கே நான் விழுந்தால் யாராவது ஒருத்தன் காரணமாக இருப்பான், ரெஃப்ரி விசில் ஊதுவார், நான் கையை நீட்டி அவனைக் காட்டுவேன். இங்கேயும் யாரையாவது காட்டுவேன் என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மாதமாக நான் உன்னைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரும் இல்லடா கண்ணு. அப்பாவே வுழுந்துட்டேன்" என்றேன்.

"அப்போ ஏன் எயிந்துக்க மாட்டேன்ற?" என்றாள்.

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஜெனிஃபரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பிப்ரவரியில் இருந்து. அவள் திட்டினாள். ஊசி போட்ட டாக்டரையும் சேர்த்துத் திட்டினாள். பிறகு சோறு போட்டாள்.

சாப்பிட்டுவிட்டு உன் தாளில் எழுதுவதற்கு முன்னால் கவியா நோட்டில் ஒரு பக்கம் கிழித்து எழுதிப் பார்த்தேன். 'முழங்கால்' என்று எழுதினேன். 'நன்றாக' என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. நீ வேண்டுமென்றேதான் அந்தத் தாளை வைத்தாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை.

நாளைக் காலையில் எழுந்து எங்கே போவேன் என்று இன்னும் தெரியாது. நீ செய்த விதத்துக்குப் போட்ட பூஜ்யத்தை நான் மாற்றப்போவதில்லை. போன் நம்பரை இப்போதைக்குத் திறக்கமாட்டேன். மைதானத்துப் பக்கமும் வரமாட்டேன். ஜெபகுமாரைக் கத்தச் சொல்லு.

பூட்ஸைத் திருப்பி அனுப்புகிறேன். இடது பூட்ஸுக்குள் உன் தாள் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர்கள் கூப்பிடும்போது நீ தடுமாறக்கூடாது என்பதற்காக, அதில் இருப்பதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

'ஜோஷ்வா. வலது முழங்கால். பத்துக்கு இரண்டு.
இந்தச் சீட்டை மூன்றாம் ஆளிடம் காட்டலாம்.'

ஜோஷ்வா